பிரீதர் பார்த்தீங்களா?

அம்பாசடர் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று எங்கள் கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒழுகவில்லையென்றால் உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது, போய் ஊற்று என்று பழைய டாக்ஸி டிரைவர்கள் கேலி பேசுவதுண்டு. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. அந்த இன்ஜின் ஒழுகும்; அவ்வளவு ஒழுக வேண்டியதில்லை. என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே வேறெங்கோ பேக்கிங் மாற்றியிருப்பார்கள், ஷெல்லாக் பூசியிருப்பார்கள், போல்ட்டை இறுக்கிய இறுக்கலில் கவர் தகடே வளைந்திருக்கும். பிரீதரை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே ரிங் இருக்கிறது. புத்தம் புது ரிங்காக இருந்தாலும் அது முழுதாக அடைக்காது. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தே தீரும். சிலிண்டரில் நெருப்புப் பிடிக்கிற நேரத்தில் கொஞ்சம் வாயு அந்த வழியாகக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். பட்டறையில் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்போம். நல்ல இன்ஜினில் உள்ளே இழுக்கிற காற்றில் ஒரு சதவீதம் வரை இருக்கலாம். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 1489 சி.சி. இன்ஜின் 3000 சுற்றில், சிலிண்டர் முழுக்க நிரம்புவதாக வைத்துக் கணக்குப் பார்த்தால், நிமிஷத்துக்கு 2200 லிட்டருக்கு மேல் இழுக்கிறது. அதில் ஒரு சதவீதம் 22 லிட்டர். நிமிஷத்துக்கு 22 லிட்டர் வாயு ஆயில் சேம்பருக்குள் வந்து சேர்ந்தால் அது எங்கேயாவது போயாக வேண்டும். பிரீதர் என்கிற வழியை நாம் விடவில்லையென்றால் டேப்பட் கவர் பேக்கிங், டைமிங் கவர் சீல், டிப்ஸ்டிக் ஓட்டை என்று அதுவே வழி பார்த்துக்கொள்ளும். போகும்போது ஆயிலையும் கூட்டிக்கொண்டு போகும்.

அந்த வாயுவும் சுத்தமானதல்ல. எரியாத பெட்ரோல் அதில் இருக்கும், கரி இருக்கும், நீராவி இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்று சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள். பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் ரிங் தாண்டிக் கீழே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாகவே வெளியேறும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் ஆயிலோடு கலந்து மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி பிசுக்காகப் படியும். ஊட்டியிலிருந்து வருகிற வண்டிகளில், அதுவும் மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் போய் வருகிற வண்டிகளில், இதை நிறையப் பார்க்கலாம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்து வருவார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லையென்றால் பெரும்பாலும் கேஸ்கெட் அல்ல. பிரீதர் குழாயைக் கழற்றி, டீசலில் கழுவி, மேட்டுப்பாளையம் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வரச் சொன்னாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

பழைய இன்ஜின்களில் இந்த வாயுவை வெளியேற்றச் செய்திருந்த ஏற்பாடு ரொம்ப எளிது. கிராங்க் கேஸிலிருந்து ஒரு குழாய் கிளம்பி வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்து நிற்கும். அதன் வாயைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் ஓடும் காற்று அந்த வாயில் உரசி வாயுவை உறிஞ்சி எடுக்கும். வண்டி ஓட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நெடுஞ்சாலை வேகத்தில் நன்றாக உறிஞ்சும். சிக்னலில் நிற்கும்போதும் ஊருக்குள் ஊர்ந்து போகும்போதும் உறிஞ்ச எதுவும் இல்லை. வாயு தானாக முட்டிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். இங்கிலாந்து சாலைக்காகப் போட்ட கணக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் முன்னால் எப்படிப் பொருந்தும்?

அமெரிக்காவில் இந்தக் குழாயை ஒழித்தது ஆயில் ஒழுக்குக்காக அல்ல, புகைமூட்டத்துக்காக. லாஸ் ஏஞ்சலஸில் கண் எரிகிற மாதிரி ஒரு மூட்டம் கவிந்துகொண்டே இருந்தது. ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் கலந்துதான் அது உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். ஒரு காரிலிருந்து வருகிற ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வரவில்லை, இந்தக் கிராங்க் கேஸ் குழாய் வழியாகத்தான் வருகிறது என்பதும் தெரிந்தது. 1961-இல் கலிஃபோர்னியா விதி போட்டது: வாயுவைத் தரையில் விடாதே, திரும்ப இன்ஜினுக்கே ஊட்டி எரித்துவிடு. அதற்கு வந்ததுதான் பி.சி.வி. வால்வு. அங்கே காருக்கான முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியே இதுதான். நம் ஊரில் மாருதி 800 வந்த பிறகுதான் எங்கள் தலைமுறை மெக்கானிக்குகள் அந்த வால்வைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தோம். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளே பிசுக்கு ஏறி ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

அம்பாசடருக்கு வருகிறேன். பட்டறையை மகனிடம் விட்ட பிறகு எனக்கென்று மிஞ்சியது ஒரு மார்க் 4 பெட்ரோல் வண்டி. வீட்டு போர்டிகோவில் நிற்கும். போர்டிகோவுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டதும் வீட்டம்மா கேட்டார்: “ஊரு வண்டியெல்லாம் சரி பண்ணிக் குடுத்தீங்க. நம்ம வண்டிய மட்டும் ஏனுங்க இப்பிடி உட்டு வெச்சிருக்கீங்க?” நியாயமான கேள்வி.

அந்த இன்ஜினைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக உத்தரபாரா அம்பாசடர் தொழிற்சாலைக்கு வந்த பி-சீரிஸ் இன்ஜின் அது, 1489 சி.சி., கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்று பேரிங். இந்த மூன்று பேரிங் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாக ஷாஃப்ட்டிலேயே மரை வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது பின்னால் வருகிற ஆயிலை அந்த மரை உள்பக்கமாகத் திருப்பி அனுப்பும். எதையும் தொடாமல், நூலளவு இடைவெளியில் சுற்றுகிற ஏற்பாடு. கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் இல்லாதவரை பிரமாதமாக வேலை செய்யும். உள்ளே கொஞ்சம் அழுத்தம் ஏறினாலும் அந்த இடைவெளி வழியாக ஆயில் பெல் ஹவுசிங்குக்குள் வந்துவிடும். அங்கிருந்து கிளட்ச் பிளேட்டில் ஏறினால் மேடேறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகும். மிச்சம், பெல் ஹவுசிங் அடியில் உள்ள ஓட்டையில் தொங்குகிற ஸ்ப்ளிட் பின் வழியாகத் தரையில் சொட்டும். அந்தப் பின் அங்கே சும்மா தொங்குவதற்கே வைத்தது. வண்டி அதிர்வில் ஆடி ஆடி ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். யாரோ கழற்ற மறந்த பின் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பின்பக்க சீல் மாற்றியதாக ரசீது கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு. அந்த இன்ஜினில் இல்லாத சீலுக்குக் கியர்பாக்ஸ் இறக்கிய கூலியும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். எந்தப் பட்டறை என்று நான் கேட்பதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற சோதனை எல்லாருக்கும் தெரியும்: வண்டியை ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். புகை தள்ளினால் ரிங் போச்சு என்று விலையைக் குறைப்பார்கள். ஆனால் புகை தள்ளுவது ரிங்கினாலா, பிரீதர் அடைத்ததினாலா என்று மூடியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நான் பயன்படுத்துவது கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் ட்யூப். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு பலகையில் யூ வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் ஓட்டையில் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றி இறுக்கமாகச் சொருக வேண்டும். மறுமுனை திறந்தே இருக்கும். உள்ளே அழுத்தம் இருந்தால் தண்ணீர் திறந்த பக்கம் ஏறும். உறிஞ்சுதல் இருந்தால் இன்ஜின் பக்கம் ஏறும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற கேஜ் சொல்வதைத்தான் இதுவும் சொல்லும். 10 செ.மீ. தண்ணீர் என்பது ஒரு கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. சொல்லும்போது அற்பமாகத் தெரியும், அந்த மரை வெட்டிய ஷாஃப்ட்டுக்கு அதுவே அதிகம்.

என் வண்டியில் நிற்கும்போதே தண்ணீர் வெளிப்பக்கம் ஏறிக்கொண்டு நின்றது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்னும் ஏறியது. அடுத்து கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் 120 பவுண்டுக்கு மேலே, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கரண்டி ஆயில் விட்டுப் பார்த்தபோதும் முள் துள்ளவில்லை. ஆக ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தில் முள் துள்ளியிருந்தால் நான் பிரீதர் வேலையையே ஆரம்பித்திருக்க மாட்டேன். ரிங் போன இன்ஜினுக்குப் பிரீதரைப் பெரிதாக்குவது வீண் வேலை. போர் செய்து ஸ்லீவ் போடுவதைத் தவிர வழியில்லை.

இந்த இன்ஜினில் பிரீதர் குழாய் கிளம்புவது முன்பக்கத்து சைடு கவரிலிருந்து. இரண்டு சைடு கவர்கள், இரண்டும் மேனிஃபோல்டுக்குக் கீழே, கை போகாத இடத்தில். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கும். அந்த ஒற்றை போல்ட்தான் பல பேருக்குப் பொறி. ஒழுகுகிறதே என்று ஒரு திருகு கூட இறுக்குவார்கள், தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், இன்னும் ஒழுகும், இன்னும் இறுக்குவார்கள். என் கவரும் குழிந்துதான் இருந்தது. மரக்கட்டையில் வைத்துத் தட்டி, கண்ணாடிப் பலகையின் மேல் எமரி போட்டுத் தேய்த்து மட்டம் எடுத்தேன். புது கார்க் பேக்கிங், போல்ட்டுக்கு அடியில் புது ரப்பர் வாஷர். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவுதான் இறுக்கம்.

பழைய குழாயை அறுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு டப்பா வைத்தேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. இதே பி-சீரிஸ் இன்ஜின் போட்ட இங்கிலாந்தின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் சைடு கவரிலேயே ஒரு டப்பாவும் உள்ளே கம்பி வலையும் உண்டு. 1960களில் அதிலிருந்து பி.சி.வி. வால்வுக்குக் குழாய் போனது. கணபதியில் லேத் வைத்திருக்கும் தம்பியிடம் 50 மி.மீ. இரும்புக் குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, மேலும் கீழும் மூடி போட்டு, கவரில் பிரேசிங் செய்யச் சொன்னேன். டப்பாவின் அடி, கவரை நோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும். வாயு மேலே போகும்போது பிரிந்து விழுகிற ஆயில் தானாகவே இன்ஜினுக்குள் வழிந்துவிடும். உள்ளே எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர், அதற்கு மேலும் கீழும் ஓட்டை போட்ட தகடு. ஸ்க்ரப்பர் என்றால் சுருள் சுருளாக, நீளமாக வருகிற எவர்சில்வர் வகை. முடி மாதிரி இழை பிரிகிற இரும்பு நாரை வைக்கவே கூடாது. இழை உதிர்ந்து மேலே போனால் மேனிஃபோல்ட் வழியாக சிலிண்டருக்குள் போகும், கீழே போனால் ஆயில் பம்ப்புக்குள் போகும்.

கவரின் ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேம் ஷாஃப்ட் வாரி இறைக்கிற ஆயில் நேராக ஓட்டையில் அடித்தால் எந்தச் சல்லடையும் தாங்காது. பிரேசிங் முடிந்ததும் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, வடிகிறதா, கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன்.

அடுத்தது உறிஞ்சுகிற பக்கம். டப்பாவிலிருந்து வருகிற ஹோஸ் பி.சி.வி. வால்வு வழியாக இன்லெட் மேனிஃபோல்டில் சேர வேண்டும். மேனிஃபோல்டில் நேராக ட்ரில் போட்டு டேப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் வைத்துச் செய்தால் அலுமினியத் தூள் உள்ளே விழும் பயம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் கொடுத்து அதன் பக்கவாட்டில் ஓட்டை போடுவது நல்லது. நான்கு சிலிண்டருக்கும் ஒரே மாதிரி பிரிந்தும் போகும். லேத் தம்பி, “ஏனுங்கண்ணா, ஹைலம்ல போட்டா கார்புரேட்டருக்குச் சூடு ஏறாதுங்களே” என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆனால் நிப்பிள் மரை ஹைலம் பிசின் பலகையில் நாளாவட்டத்தில் உதிர்ந்துவிடும் என்று அலுமினியத்திலேயே போடச் சொன்னேன். 12 மி.மீ. கனம். கார்புரேட்டர் அந்த அளவு உயர்வதால் ஸ்டட் நீளமாக வேண்டும், ஆக்ஸிலேட்டர் ராடையும் அதற்கேற்ப அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பூஸ்டருக்குப் போகிற வேக்கம் குழாயில் டீ போட்டு இதை இணைக்கிற சுருக்கு வழி யாருக்காவது தோன்றலாம். தோன்றியவுடன் மறந்துவிட வேண்டும்.

பி.சி.வி. வால்வு எந்த வண்டியுடையதும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பிளஞ்சரும்தான். ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் பலமாக உறிஞ்சும்போது பிளஞ்சர் இழுபட்டு வழியைக் குறுக்கும். ஓட்டத்தில் உறிஞ்சுதல் குறையும்போது வழி அகலும். பேக் ஃபயர் அடித்தால் நெருப்பு கிராங்க் கேஸுக்குள் போகாமல் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு விட வேண்டும் என்பது இன்ஜின் அளவைப் பொறுத்தது. மாருதி 800-இன் வால்வு 796 சி.சி.க்கு அளந்தது. அதனால் ஜிப்ஸியின் 1300 சி.சி. இன்ஜினுக்கு வருகிற வால்வைத் தேடி வாங்கினேன். ஒரிஜினலே வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டூப்ளிகேட்டில் ஸ்பிரிங் எந்தக் கணக்கில் போட்டதென்று யாருக்கும் தெரியாது.

உறிஞ்ச ஒரு பக்கம் இருந்தால் நல்ல காற்று உள்ளே வர இன்னொரு பக்கம் வேண்டும். டேப்பட் கவரின் பழைய வலை மூடியை அப்படியே விட்டால் வழித் தூசியை உள்ளே இழுக்கும். முழுதாக அடைத்தாலோ, உறிஞ்சுதல் அதிகமாகி சீல் சந்துகளின் வழியாகத் தூசி இழுக்கும். ஏர் கிளீனரின் சுத்தமான பக்கத்திலிருந்து ஒரு ஹோஸ் எடுத்து டேப்பட் கவரில் விட்டேன். ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ட்யூபும் ரேடியேட்டர் ஹோஸும் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். வேக்கம் இழுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல், ஆயில் தாங்குகிற நைட்ரைல் ஹோஸ்தான் வேண்டும். கலர் கலராக விற்கிற சிலிக்கான் ஹோஸ் பளபளவென்று இருக்கும். சாதா சிலிக்கானில் ஆயில் நாளடைவில் வெளியே வியர்க்கும்.

பூட்டி முடித்ததும் ஐட்லிங் தடுமாறும், பயப்பட வேண்டாம். வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று கூடுதலாகப் போவதால் கலவை மெலிகிறது. மிக்சர் ஸ்க்ரூவைச் சரி செய்தால் அடங்கிவிடும். பிறகு பிளையரில் துணி சுற்றி பி.சி.வி. ஹோஸை அழுத்திப் பாருங்கள். இன்ஜின் சுற்று கொஞ்சம் இறங்க வேண்டும், வால்விலிருந்து டிக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். எதுவும் மாறவில்லையென்றால் எங்கோ அடைப்பு.

திரும்பவும் லெவல் ட்யூபைச் சொருகினேன். ஐட்லிங்கில் தண்ணீர் இப்போது இன்ஜின் பக்கம் இரண்டு மூன்று செ.மீ. ஏறி நின்றது. நிற்கிற வண்டியில் பார்த்தால் மட்டும் போதாது, லோடில் பார்க்க வேண்டும் என்பதால் ட்யூபை நீளமாக ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பலகையை மகன் மடியில் கொடுத்து மருதமலை மலைப்பாதையில் ஏற்றினேன். “அப்பா, மெதுவாப் போங்க, தண்ணி ஆடுது, படிக்க முடியல” என்று அவன் கத்திக்கொண்டே வந்தான். மெதுவாகப் போனால் எதற்காக ஏறுகிறோம்? ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்தது. கொண்டை ஊசி வளைவில் செகண்ட் கியரில் இழுத்தபோது மட்டும் வெளிப்பக்கம் விரல் பருமன் ஏறி இறங்கியது. அது இயல்பு. முழு த்ராட்டிலில் மேனிஃபோல்டில் வேக்கம் இருக்காது. அப்போது வாயு டேப்பட் கவர் ஹோஸ் வழியாக ஏர் கிளீனருக்குத் திரும்பும். அதற்காகத்தான் அந்த ஹோஸ் குறுகலாக இருக்கக் கூடாது என்பது.

ஒழுக்கு நின்றதா என்றால், சைடு கவர் காய்ந்துவிட்டது. டைமிங் கவரும் காய்ந்துவிட்டது. ஸ்ப்ளிட் பின்னில் சொட்டுவது நின்று, ராத்திரி முழுக்க நின்ற பிறகு ஒரு ஈரம் மட்டும் தெரிகிறது. அறுபது வருஷத்துக்கும் முந்தைய வடிவமைப்பில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

இந்த வேலை எனக்குப் புதிதல்ல. இளவயதில் ரேஸ் வண்டிகளுக்கு எடுபிடி வேலை செய்தவன் நான். கோவையில் அப்போது கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிக்கொண்டிருந்த காலம்; எங்கள் வயதுப் பையன்களுக்கு அந்த வண்டிகள்தான் பாடசாலை. ரேஸில் பிரீதரைத் திறந்து விட்டால் வருகிற ஆயிலைப் பிடித்துவைக்கக் கட்டாயம் ஒரு கேட்ச் டேங்க் வேண்டும். சர்வதேச விதியில் 2000 சி.சி. வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும். ஒரு வண்டி டிராக்கில் ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவன் சறுக்குவான் என்பதே காரணம்.

இப்போது அந்தக் கேட்ச் டப்பா ரோட்டு வண்டிகளுக்கும் ஃபேஷனாகிவிட்டது. நீலம், சிவப்பு என்று சாயம் ஏற்றிய அலுமினிய டப்பாக்களை இளைஞர்கள் வாங்கி வந்து மாட்டித் தரச் சொல்கிறார்கள். நான் முதலில் மூடியைத் திறந்து பார்ப்பேன். பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமே இருக்காது. இந்தப் பக்கம் நுழைந்த வாயு அந்தப் பக்கம் அப்படியே போய்விடும். ஆயில் துளி பிரிய வேண்டுமென்றால் வாயு வேகம் குறைய வேண்டும், திரும்ப வேண்டும், குளிர்ந்த உலோகத்தில் முட்ட வேண்டும். 12 மி.மீ. ஹோஸிலிருந்து 60 மி.மீ. டப்பாவுக்குள் வந்தாலே வேகம் இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். உள்ளே தடுப்பும் வலையும் இருந்தால் அந்த நேரத்தில் துளி பிடிபடும். மேனிஃபோல்ட் பக்கத்தில் சூட்டில் வைத்தால் பிடிபட்டதும் மறுபடி ஆவியாகும்.

யாருக்கு இது வேண்டும்? டர்போ டீசலுக்கு உண்மையிலேயே பயன் உண்டு. பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளில் பிரீதர் ஹோஸ் டர்போ வாய்க்குப் போகிறது; ஆயில் ஆவி இன்டர்கூலருக்குள் படியும், இ.ஜி.ஆர். வழியாக வருகிற கரியோடு சேர்ந்து மேனிஃபோல்டில் தார் மாதிரி இறுகும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கிற புது இன்ஜின்களுக்கும் பயன் இருக்கிறது; அவற்றில் இன்லெட் வால்வைப் பெட்ரோல் கழுவுவதில்லை, கரி ஏறிக்கொண்டே போகும். சாதாரண எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் காருக்கு, ரிங் நன்றாக இருந்தால், என் கணிப்பில் அது பானட் திறந்து காட்டுவதற்கான சாமான். கம்பெனி கொடுத்த பி.சி.வி. வால்வைக் காலாகாலத்தில் மாற்றினால் போதும்.

ஹோஸைக் கழற்றிவிட்டு டேப்பட் கவரில் ஒரு சின்ன ஃபில்டரைக் குத்தி விடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் செய்து தருவதில்லை. வாயு பானட்டுக்குள் சுற்றி ஏ.சி. வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு வரும். காற்றை அளக்கிற சென்சார் உள்ள வண்டியில் கணக்குத் தவறி இன்ஜின் லைட் எரியும். கிராங்க் கேஸ் வாயுவைக் காற்றில் விடுவது சட்டத்துக்கும் புறம்பு. 1961-இல் அமெரிக்காக்காரன் மூடிய குழாயை இப்போது நாம் எதற்குத் திறக்க வேண்டும்?

கடைசியாக, கேட்ச் டப்பா மாட்டியவர்களுக்கு ஒன்று. அதில் சேருவதை மழைக்காலத்தில் அடிக்கடி வடியுங்கள். தண்ணீர்தான் அதிகம் வரும். வடித்ததை ஆயில்தானே என்று இன்ஜினுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள், அதில் பெட்ரோலும் அமிலமும் கலந்திருக்கிறது. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து வையுங்கள். உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றுகிற பட்டறையில் பழைய ஆயில் பேரல் இருக்கும். அங்கே கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.